கயிற்றின் மறுமுனை

புதிய எண்ணெய்க் கிணற்றின் கோபுரத்தடியில் அவனுக்கு அன்றுதான் முதல் நாள். கண் கூசும் வெயில். மண்ணிலிருந்து எண்ணெய் நெடி கிளம்பி மூக்கைத் துளைத்தது. எந்திரம் வைத்துக் கிணறு தோண்டத் தொடங்கியிருந்த காலம் அது. வடக்கயிற்றில் கனத்த இரும்பு உளியைக் கட்டி, நீராவி எந்திரத்தால் தூக்கித் தூக்கிப் போடுவார்கள். அடியில் இருப்பது பாறையா, மண்ணா என்பது கயிற்றைப் பிடித்திருப்பவனின் உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும்.

மேஸ்திரி அவனுடைய அக்கா புருஷன். இந்த இடத்தில் மட்டும் தோண்ட வேண்டாம் என்று அந்த மேஸ்திரி எவ்வளவோ மன்றாடினான். முதலாளி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிற்பகலில் எந்திரத்தின் வார் கழன்றது. உளி அடியிலேயே நின்றது.

அவன் கையிலிருந்த கயிறு அசைந்தது.

மெதுவாக இரண்டு இழுப்பு. கொஞ்சம் பொறுத்து, வெடுக்கென்று ஒன்று.

எந்திரம் வருமுன் ஆட்களே இடுப்பில் கயிறு கட்டி இறங்கித் தோண்டுவார்கள். அப்போது அவன் அண்ணன் வைத்திருந்த சைகை அது. மூச்சு முட்டுகிறது, தூக்கு என்று அர்த்தம். மேலே கயிறு பிடித்தவன் இதே அத்தான். அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் கப்பலேறிவிட்டான் என்று சேதி கொண்டுவந்தவனும் அவன்தான்.

"அத்தான், கயித்தைத் தொட்டுப் பாருங்க."

மேஸ்திரி கிட்டவே வரவில்லை. முகத்தில் ரத்தமில்லை.

"அண்ணன் கப்பல்ல போகலையா?"

"கேஸ் குபுகுபுன்னு வந்துச்சுடா... எனக்கும் தலை சுத்துச்சு. கயித்தை விட்டுட்டு ஓடிட்டேன். வெளிய தெரியக் கூடாதுன்னு முதலாளி மண்ணைத் தள்ளச் சொன்னார். தள்ளினேன், இதே இடத்துலதான்."

"அப்ப உயிர் இருந்துச்சா?"

"கயிறு அசைஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு."

விட்டுப் போனவனைத் திட்டித் திட்டி அழுத அக்காவை, பக்கத்தில் உட்கார்ந்து தேற்றிய வாய் இது.

மேஸ்திரி கோடாரியை எடுத்து வடத்தை வெட்டினான். அறுந்த கயிறு சரிந்து விழவில்லை. யாரோ நிதானமாக வாங்கிக்கொள்வதுபோல, சாண் சாணாக உள்ளே போனது.

தம்பி ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தான். இதை எந்த வாயால் சொல்வது?

அக்கா வாசலிலேயே நின்றாள், சிரிப்பும் அழுகையுமாக.

"அண்ணன் வந்திருந்தான்டா! உட்காரச் சொன்னா கேட்கலை. உன் புருஷன் எங்கேன்னு மட்டும் கேட்டான். வேலையில இருக்கார்னேன், அங்கதான் போறான். வழியில பார்க்கலையா?"

அவள் கன்னத்தில், தடவிக்கொடுத்த ஐந்து விரல்களும் கறுப்பாகப் பதிந்து, எண்ணெயாக வழிந்துகொண்டிருந்தன.