பின்பாரம்

பியர்ஃபித் புறநகரை விட்டு வெளியே வந்ததுமே ஸ்டியரிங் லேசாகிவிட்டது. விரல் பட்டாலே திரும்பியது. பின்னால் பாரம் கூடினால் வண்டியின் மூக்கு எழும்பப் பார்க்கும் என்பது காம்பிங்-கார் என்கிற கட்டில் வைத்த வீட்டுவண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். ஆனால் துஷ்யந்தன் இன்று தன் காம்பிங்-காரில் இழுத்து வந்தது காலி ட்ரெய்லரை.

அதுவும் ஒரு விசித்திரப் பிறவி. எந்நேரமும் வெல்டிங் மணக்கும் அவன் கூட்டாளி தவரத்தினம் தன் கையாலேயே ஒட்டிச் செய்தது. மற்ற ட்ரெய்லர்கள்போல் ஒரு கொக்கியில் தொங்கி ஆடாது. இரண்டு இரும்புக் கைகளால் வண்டியின் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். நடுவே தானாகச் சுழலும் ஒற்றைச் சக்கரம். லா ஷப்பல் தேர்த் திருவிழாவுக்கு வருடா வருடம் ஜெனரேட்டரையும் ஒலிபெருக்கிப் பெட்டிகளையும் அதுதான் சுமந்தது. ஏற்றி முடிந்ததும் துஷ்யந்தன் இரும்பில் தட்டி, "வாங்கோ அண்ணை, போவம்" என்பான். தவரத்தினம் வந்து ஏறிக்கொள்வார்.

அவரை நேற்றுத்தான் எரித்திருந்தார்கள். அவருடைய பக்கத்து வீட்டு ழான்-லூக் ட்ரெய்லர் நின்ற இடத்தைக் காலி செய்யச் சொல்லி நச்சரித்ததால் துஷ்யந்தன் இன்றே அதை எடுக்கப் போக வேண்டியதாயிற்று. செத்த வீட்டிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் கிளம்ப வேண்டும். 'வாறன்' என்பதும் கூடாது, 'வாங்கோ' என்பதும் கூடாது. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம். ஆனால் பழகிய கை ட்ரெய்லரைப் பூட்டியது, இரும்பில் தட்டியது. பாழாய்ப்போன வாயும் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

வாசலில் நின்ற தவரத்தினத்தின் மனைவி புனிதவதியின் முகம் வெளிறியது.

"தம்பி, ஆரைக் கூப்பிட்டனீங்கள்?"

"ஒருத்தரையும் இல்லை அக்கா. பழக்கதோஷம்."

அவர் உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார்.

பின்னேரமே இருட்டிவிடும் டிசம்பர். கண்ணாடியைத் துடைக்கும் ரப்பரின் கீச்சொலிக்கும் கூரையில் விழும் மழையின் இரைச்சலுக்கும் இடையே, ஒவ்வொரு பள்ளத்திலும், யாரோ எடை மாற்றி அமர்வதுபோல் இரும்பு முனகியது. பின்கட்டிலில் அவன் மனைவி தயாளினி படுத்திருந்தாள். ஆறு மாதம். வயிற்றுப்பிள்ளைக்காரி என்பதால் செத்த வீட்டுக்குள் போகாமல் வண்டியிலேயே இருந்துவிட்டாள்.

"இஞ்சேருங்கோ, என்ன வெல்டிங் மணக்குது?"

"வெளியிலை ஏதோ வேலை நடக்குது. நீ படு."

வெளியே ஒரு வேலையும் நடக்கவில்லை. அவனுக்கும் மணந்தது.

சுற்றுச்சாலைப் பாலத்தின் கீழ் நிறுத்தி இறங்கினான். பயமாக இருந்தது, யாரிடமும் அதை மறைக்க வேண்டியிருக்கவில்லை. ட்ரெய்லருக்குள் டார்ச் அடித்துப் பார்த்தான். காலி. ஓரத்தைப் பிடித்துத் தூக்கினான், சுலபமாக எழும்பியது. அப்படியென்றால் இவ்வளவு நேரமும் அழுத்தியது எது? இரும்புக் கைகளை வண்டியோடு பூட்டியிருந்த இரண்டு ஊசிகளையும் பிடுங்கினான். அங்கேயே கிடக்கட்டும். களவு போனாலும் போகட்டும். தயாவும் பிள்ளையும் பத்திரமாக வீடு சேர்ந்தால் போதும்.

ஏறி ஓட்டினான்.

ஸ்டியரிங் இன்னும் லேசாகவே இருந்தது.

வேகத்தைக் குறைத்தான். மூக்கு இறங்கவில்லை. முன்விளக்குகள் சாலையை விட்டு முதல் மாடி ஜன்னல்களில் அடித்தன. இரும்பு முனகவில்லை. இப்போது முனகியது கட்டில்.

லா ஷப்பல் சந்தியில் சிவப்பு விளக்கு. தலைக்கு மேல் மெத்ரோ தடதடத்துப் போனது. பிறகு அமைதி. மணம் மட்டும். மிகக் கிட்ட.

"தயா?"

அரைத்தூக்கத்தில் அவள் குரல் வந்தது.

"தள்ளித்தானே படுத்திருக்கிறன்... இன்னும் எவ்வளவு இடம் வேணும்?" கொஞ்சம் பொறுத்து, "கையை எடுங்கோ. குளிருது."

அவன் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன.

உள்விளக்கைப் போட்டான். திரும்பினான்.

தயாளினி கண்மூடிச் சுவரோடு ஒட்டிக் கிடந்தாள். பக்கத்தில் மெத்தை பலகைவரை அமுங்கியிருந்தது. அவள் வயிற்றின் மேல், சட்டைத்துணியில், ஐந்து விரல்களின் பள்ளம்.

உள்ளே பிள்ளை துடித்து ஒரு பக்கமாக ஒதுங்கியது.

விரல்கள் அதன் பின்னால் மெல்ல நகர்ந்தன.