அனியேலா ஒளித்து வைக்காதது

நாய் க்லுஸ்கா கவ்விக்கொண்டு வந்து மடியில் போட்ட துணி முடிச்சு அனியேலா ஒளித்து வைத்தது அல்ல.

முதலில் அவளுக்கு அது உறைக்கவில்லை. குளிர் முற்றியதிலிருந்து தினமும் இதே விளையாட்டுதான். வெளியே மைனஸ் இருபத்தெட்டு. வேலி வரை போய்த் திரும்புவதற்குள் நாய் ஒரு காலைத் தூக்கும், பிறகு இன்னொரு காலைத் தூக்கும், கடைசியில் பனியிலேயே உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்க்கும். வீட்டுக்குள்ளேயே அடைத்து வைத்தாலோ நாற்காலிக் கால்களைக் குதறித் தள்ளியது. அதனால்தான் அனியேலா சாசேஜைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, கணவன் போகுமிலின் கிழிந்த காலுறைகளில் முடிந்து, கணப்புக்குப் பின்னால், மெத்தைக்கு அடியில், தையல் மெஷின் மிதியின் மேல் என்று ஒளித்து வைக்கத் தொடங்கினாள். பிறகு இரண்டு முறை கை தட்டி, "தேடு, செல்லம்! தேடு!" என்பாள். க்லுஸ்கா மூக்கைத் தரையோடு தேய்த்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றிவரும். கணவன் லாரியோடு மாதக்கணக்கில் வெளிநாட்டில் இருக்க, கோடையில்தான் வாங்கிக் குடிவந்த அந்தத் தனி வீட்டில், பகலின் ஒரே சிரிப்புச் சத்தம் அதுதான்.

இந்த முடிச்சு காலுறைத் துணி அல்ல. சொரசொரப்பான சாம்பல் நிறச் சாக்குத் துணி. ஆனால் முடிந்திருந்த விதம் அவளுடையது: இரண்டு சுற்று, நுனி உள்ளே செருகல். நாய் அதை எடுத்து வந்தது சமையலறைக்குப் பக்கத்துச் சாமான் அறையிலிருந்து. அங்கே ஊறுகாய்ப் புட்டிகளே உறைந்து கிடந்தன. முடிச்சோ கதகதப்பாக இருந்தது.

அவிழ்த்தாள். தண்ணீரில் ஊறிய சோப்பைப் போலக் கொழகொழத்த மஞ்சள் கொழுப்பு. யாரோ கட்டைவிரலால் அழுத்தி உருட்டிய தடம் அதில் பதிந்திருந்தது. ஒரு ஓரத்தில் தோல். தோலில் துளைகள். துளைகளில் குட்டையான, விறைத்த மயிர், சவரம் செய்து நாளான தாடையைப் போல. கெட்டுப்போன பாலும், கழுவாத காதின் உட்புறமும் சேர்ந்தடிக்கும் வாடை மூக்கில் ஏறி அங்கேயே தங்கிவிட்டது. அதைக் கணப்பு நெருப்பில் எறிந்தாள். சொய்யென்று உருகியது. அன்று வெண்ணெயிலும் ரொட்டியிலும் தலையணையிலும் அதே வாடை.

"எலி செத்துக் கிடக்கும்டி. பழைய வீடுதானே," என்றான் போகுமில் போனில்.

"எலிக்கு முடிச்சுப் போடத் தெரியுமா?"

"நீயே போட்டுட்டு மறந்திருப்ப."

"சூடா இருந்துச்சு, போகுமில்."

"நாய் வாயில இருந்து வந்தா ஐஸ் மாதிரியா இருக்கும்? போய்த் தூங்கு கண்ணு."

மறுநாள் காலை வயலுக்கு அப்பால் குடியிருக்கும் ஸெனோன் பனிச்சறுக்கு வண்டியில் விறகு கொண்டுவந்தார். அனியேலா அவரைச் சாமான் அறைக்குள் கூட்டிப்போனாள். அவர் டார்ச் அடித்தார், முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாயை உருட்டி நகர்த்தினார், தரைப்பலகைகளை ஒவ்வொன்றாகக் குதிகாலால் உதைத்துப் பார்த்தார்.

"ஒண்ணுமே இல்லம்மா. முட்டைக்கோஸ்தான் நாறுது. என் வீட்டுக்காரி போடுற ஊறுகாயை நீ மோந்து பாத்ததில்ல, இது அத்தர்!"

அவள் சிரித்தாள். சிரிக்க முடிந்ததே நிம்மதியாக இருந்தது. அப்போது பின்னால் டப் டப்பென்று சத்தம். க்லுஸ்கா வாசற்படியில் உட்கார்ந்து தரையில் வாலை அடித்துக்கொண்டிருந்தது. அது அவளைப் பார்க்கவில்லை. ஸெனோனையும் பார்க்கவில்லை. பீப்பாய் நின்றிருந்த மூலையை, ஓர் ஆளின் முகம் இருக்கும் உயரத்தில், கண்கொட்டாமல் பார்த்தது.

"யாரைப் பாத்து வாலாட்டுதும்மா?" என்றார் ஸெனோன்.

அவர் தேநீருக்கு நிற்கவில்லை. "ராத்திரி பயமா இருந்தா எங்க வீட்டுக்கு வந்துடு பொண்ணே, யோசிக்காத," என்று சொல்லிவிட்டு, கையுறையைக்கூடப் போடாமல் வண்டியை இழுத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு க்லுஸ்கா சாசேஜைத் தொடவில்லை. மோந்து பார்த்துவிட்டு, அவளுக்காக வருத்தப்படுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆனால் வயிறு மட்டும் உப்பிக்கொண்டே வந்தது. ரோமம் பிசுபிசுத்துத் திரித்திரியாக ஒட்டியது. விடியலில் வழக்கம்போல அவள் கன்னத்தை நக்கி எழுப்பியது. நக்கிய இடத்தில் ஒரு மெழுகுப் படலம் படிந்தது. சோப்புப் போட்டாள், சுடுதண்ணீர் ஊற்றினாள், சாம்பலால் தேய்த்தாள். தோல்தான் சிவந்தது. படலம் போகவில்லை. நான் வளர்த்த நாய், என் கையால் சோறு தின்ற நாய், யார் கையில் இப்போது தின்கிறது என்று நினைத்தபோது பயத்தைவிட அருவருப்பும், அருவருப்போடு ஒரு கேவலமான பொறாமையும் மேலெழுந்தன.

விளையாட்டை நிறுத்தினாள். சாமான் அறையைத் தாழிட்டு, கதவுக்கு முன்னால் மேஜையை இழுத்துப் போட்டாள்.

பிற்பகலிலேயே ஜன்னலில் வெளிச்சம் வடிந்து, பனிவயல் நீலம் பாரித்துக்கொண்டிருந்தது. அனியேலா சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். கணப்பில் விறகு வெடிக்கும் ஓசை, கூரைப் பலகைகள் குளிரில் இறுகும் ஓசை, நாயின் மூச்சு. திடீரென்று நாயின் மூச்சு நின்றது. காதுகள் நிமிர்ந்தன.

சாமான் அறைக்குள் யாரோ கை தட்டினார்கள்.

இரண்டு தட்டு. ஈரக் கை.

"தேடு, செல்லம்," என்றது ஒரு குரல். "தேடு."

அது அவளுடைய குரல். 'செல்லம்' என்பதில் அவள் கொடுக்கும் அதே இழுப்பு.

க்லுஸ்கா துள்ளி ஓடிவந்தது. மேஜையை நோக்கி அல்ல, அவளை நோக்கி. சோபா மெத்தைக்குள், அவள் தொடைக்கு அடியில், மூக்கை நுழைத்துப் பரபரவென்று தோண்டியது. சாம்பல் நிற முடிச்சை உருவி எடுத்தது. அவ்வளவு நேரம் அவள் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தாள். நாய் துணியோடு சேர்த்து மென்றது. கொழுப்பு கடைவாயில் நுரைத்து வழிந்தது.

போய்விட வேண்டும். ஸெனோன் வீட்டு விளக்கு வயலுக்கு அப்பால் தெரிகிறது. ஓடினால் போய்விடலாம்.

வாசலுக்கு ஓடிப் பூட்ஸில் காலை விட்டாள். பாதத்துக்கு அடியில் ஏதோ பிதுங்கியது. கதகதப்பாக. விரல் இடுக்குகளில் ஏறியது. அலறிக்கொண்டு காலை உருவினாள். காலுறை முழுக்க மஞ்சள் பிசின், அதில் ஒட்டிய குட்டை மயிர்.

கைதட்டல். "தேடு."

க்லுஸ்கா பூட்ஸுக்குள் முகத்தைப் புதைத்தது. சப்புக்கொட்டும் சத்தம்.

அவள் போகுமிலின் ரப்பர் பூட்ஸை உதறிப் பார்த்துவிட்டுப் போட்டுக்கொண்டாள். கோட்டை மாட்டினாள். கைக்குட்டைக்காகக் கோட்டுப் பையில் கை விட்டாள். விரல்கள் மெத்தென்று அமிழ்ந்தன. கையை உதறினாள், சுவரில் தேய்த்தாள், மறுபடி மறுபடி தேய்த்தாள். சுவரில் விரல்தடங்கள் மின்னின.

கைதட்டல்.

நாய் அவள் பையைக் கிழித்தது. தின்றது. நிமிர்ந்து பார்த்தது. இன்னும் வேண்டும் என்ற பார்வை. வால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது, அவள் பார்த்ததிலேயே சந்தோஷமாக.

இதை இங்கே விட்டுவிட்டுப் போக முடியாது. எப்படி இருந்தாலும் இது என் க்லுஸ்கா. அவள் வாசற்கதவின் தாழ்ப்பாளைத் தூக்கினாள். கதவு விலகியது. குளிர் முகத்தில் அறைந்தது. வெளியே ஸெனோனின் விளக்கு. திரும்பி, 'வா' என்று கூப்பிட வாயெடுத்தாள்.

குரல் வரவில்லை.

நாக்கு எதிலோ இடித்தது.

கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில். மெத்தென்று. சொரசொரப்பான துணி. நாக்கு நுனிக்கு முடிச்சு தட்டுப்பட்டது. இரண்டு சுற்று. நுனி உள்ளே செருகல்.

துப்ப முயன்றாள். வரவில்லை. விரலை விட்டாள். வழுக்கியது. எங்கோ ஆழத்தில் கட்டியிருந்தது. தொண்டைக்குள். அதற்கும் கீழே.

துணி வழியாக அது கசிந்தது. உப்பு. இனிப்பு. மயிர்.

உள்ளே, தாழிட்ட அறையில், ஈரக் கைகள் தட்டின.

"தேடு, செல்லம்."

க்லுஸ்கா எம்பி அவள் தோள்களில் முன்னங்கால்களை வைத்தது. கழுத்தை மோந்தது. தாடையை மோந்தது. அவள் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டாள். நாய் அன்போடு முனகியது. பிறகு வாலை ஆட்டிக்கொண்டே, அந்த வழவழப்பான மூக்கை அவள் உதடுகளுக்கு நடுவே மெதுவாக நுழைத்து, பல்லால் முடிச்சைப் பற்றி, இழுக்கத் தொடங்கியது.