மருதாயியின் மணிக்கட்டு

“எனக்கு நாடியே கிடையாதுங்க ஐயா. எமன் வந்தாலும் எதைப் பிடிச்சுப் பாத்துட்டு என்னையக் கூட்டிட்டுப் போவான்?”

டிஸ்பென்சரி வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த எட்டுப் பேரும் சிரித்தார்கள். வெள்ளையம்மா இரண்டு கைகளையும் மேசைமேல் நீட்டி, வளையல் விற்க வந்தவள் போலத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். இந்தப் பெருமையை வைத்தே ஆறாம் நம்பர் லயத்து வீடுகளில் பாதிப் பேரிடம் பந்தயம் கட்டி, வெற்றிலையும் புகையிலையுமாக ஜெயித்திருக்கிறாளாம். கங்காணியே இரண்டு தடவை தோற்றுப் போனாராம்.

சுந்தரலிங்கத்துக்குச் சிரிக்கத் தெம்பில்லை. அது எழுபத்து நாலாம் வருஷம். கரவனெல்லைக்கு மேலே இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் எண்ணூறு பேருக்கு அவர் ஒருவர்தான் டிஸ்பென்சர். மருந்து கலக்குவதும் அவர், புண்ணைக் கட்டுவதும் அவர், செத்தவர்களைப் பார்த்துப் புதைக்கச் சீட்டு எழுதிக் கொடுப்பதும் அவர். அரிசிக்கும் மாவுக்கும் பஞ்சம் வந்த அந்தக் காலத்தில் மூன்றாவது வேலைதான் கூடுதல். மழை வேறு. தவளைகளே இருமல் மருந்துக்கு வரிசையில் வந்து நின்றன என்று சொன்னாலும் தோட்டத்தில் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். உட்கார்ந்தபடி தூங்கவும், தூங்கியபடியே மாத்திரை எண்ணவும் அவர் பழகியிருந்தார்.

மூன்று விரல்களை அவளுடைய வலது மணிக்கட்டில் வைத்தார். ஒன்றுமில்லை. கொஞ்சம் தள்ளி அழுத்தினார். இடது கையைப் பிடித்தார். வெதுவெதுப்பான தோல், ரப்பர் பால் காய்ந்து ஒட்டிய விரல்கள், தோலுக்குக் கீழே எலும்பு. அவ்வளவுதான். பிரஷர் பட்டியைக் கட்டி ஊதி இறக்கினார். பாதரசம் எந்த இடத்திலும் துள்ளாமல், வழுக்கிக்கொண்டு அடிவரை போனது.

“பாத்தீங்களா?” என்றாள் அவள், சிவந்த பல்லைக் காட்டி.

விசாரித்தபோதுதான் விஷயம் வந்தது. உயரத்தில் பால் வெட்டுகிற மரத்துக்குக் கையைத் தூக்கினால் தோள் விட்டுப்போகிறது. அண்ணாந்து பார்த்தால் கண் இருட்டுகிறது. போன மாதம் இரண்டு தடவை மரத்தடியில் விழுந்து கிடந்திருக்கிறாள். படுக்கவைத்துக் கணுக்காலின் பின்பக்கம் தொட்டுப் பார்த்தார். அங்கே நாடி குதிரை மாதிரி ஓடியது. பட்டியைத் தொடையில் கட்டினால் பிரஷர் தாராளமாக ஏறி நின்றது. காறை எலும்புக்கு மேலே ஸ்டெதஸ்கோப்பை வைத்தபோது, கதவிடுக்கில் நுழையும் காற்றைப்போல ஒரு இரைச்சல் கேட்டது. படித்த காலத்தில் ஒரே ஒரு பக்கம் படித்திருந்தார். கைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய்களின் சுவர் வீங்கித் தடித்து, வழியை அடைத்துவிடும். இளம் பெண்களுக்கு வரும். லட்சத்தில் ஒருத்திக்கு வந்தால் உண்டு. அந்த ஒருத்தி பந்தயம் கட்டிக்கொண்டு அவர் எதிரில் படுத்திருந்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவருக்குத் தூக்கம் கலைந்தது.

நீளமாகக் கடிதம் எழுதி அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மூன்று வாரம் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தவள், தன் கட்டிலைச் சுற்றி நாற்பது டாக்டர்கள் நின்றதாகச் சொன்னாள். அந்த ஆஸ்பத்திரியில் மொத்தமே ஐந்தாறு பேர்தான். பெரிய டாக்டர் மாத்தயா அவள் கையை விடவே மனசில்லாமல் “ஹரி புதுமை, ஹரி புதுமை” என்று சிங்களத்தில் ஆச்சரியப்பட்டாராம். சின்ன வெள்ளை மாத்திரைகள் கொடுத்திருந்தார்கள். ஒருநாளும் விடக் கூடாது, திடீரென்று நிறுத்தவும் கூடாது. வாரா வாரம் சுந்தரலிங்கமே எண்ணிக் கொடுத்தார்.

ஆவணி மாதத்தில் ஒரு மத்தியானம், அவளுடைய இடது மணிக்கட்டில் ஏதோ அசைந்தது. நூல் மாதிரி. விட்டு விட்டு. ஆனால் இருந்தது.

“போச்சுங்க, என் பந்தயமெல்லாம் போச்சு” என்று வெள்ளையம்மா சலித்துக்கொண்டாள். மாத்திரையை முந்தானையில் முடிந்தபடி, வாசலில் நின்று சொன்னாள்: “எங்க மருதாயி அக்கா இருந்திருந்தா அவளுக்கும் இத வாங்கிக் குடுத்திருப்பேன். அவளுக்கும் நாடி கிடையாதுங்க. ரெண்டு பேரும் சோடியாத்தான் பந்தயம் கட்டுவோம்.”

சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டாள்.

சுந்தரலிங்கம் அந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். மேசைமேல் இருந்த தன் வலது கையை, அதில் இருந்த மூன்று விரல்களைப் பார்த்தார்.

மருதாயி. போன ஐப்பசி. பால் நிறுக்கும் கொட்டகையில் அண்ணாந்தபடியே விழுந்தாள் என்றார்கள். வாந்தி பேதி வந்திருந்த வாரம் அது. அன்று அவர் போன நாலாவது சாவு வீடு. ஸ்டெதஸ்கோப்பின் குழாய் வெடித்துப்போயிருந்தது. சுற்றிலும் பத்தாயிரம் ரப்பர் மரம் நின்றும், ஒரு முழ ரப்பர் குழாய் கொழும்பிலிருந்து வந்து சேர நாலு மாதம் ஆன வருஷம். காம்பரா அறைக்குள் அவர் முழுதாக நுழையக்கூட இல்லை. வாசலில் குனிந்து நின்றார். யாரோ துணிக்கு அடியிலிருந்து ஒரு கையை எடுத்து நீட்டினார்கள். மூன்று விரல். அரை நிமிஷம். முழங்காலில் தாளை வைத்துச் சீட்டு எழுதினார். மழை கறுத்துக்கொண்டு வந்ததால் நாலு மணிக்குள் புதைத்துவிட்டார்கள்.

அந்தக் கை சூடாக இருந்தது.

பக்கத்தில் அடுப்பு எரிகிறது, அதனால்தான் என்று அன்றைக்கு நினைத்தார். இன்றைக்கு யோசித்துப் பார்த்தால் அடுப்பு எங்கே இருந்தது என்று நினைவில்லை. அடுப்பு எரிந்ததா என்றும் நினைவில்லை.

தோட்டத்து மருத்துவச்சி தங்கம்மாதான் அன்று மருதாயியைக் குளிப்பாட்டியவள். முப்பது வருஷமாகப் பிள்ளைப்பேறு பார்க்கிறாள். தாயின் வயிற்றில் வைத்துக் கேட்கும் மரக்குழல் ஒன்று அவளுடைய இடுப்பிலேயே இருக்கும். அதைக் காதில் வைத்துக் கண்ணை மூடி, ஆட்காட்டி விரலைத் தூக்கித் துடிப்புக்குத் துடிப்பு அசைப்பாள். பிறகு எந்தத் தாயிடமும் ஒரே வார்த்தைதான்: “அடிக்குது, பயப்படாத.” அந்தக் குழல் இருந்தால் கற்சுவருக்கு அந்தப்பக்கம் எலி மூச்சு விடுவதும் தனக்குக் கேட்கும் என்பாள்.

அவர் சுற்றி வளைத்துக் கேட்டதை அவள் உடனே பிடித்துக்கொண்டாள்.

“கல்லு மாதிரிக் குளுந்துதாங்க கெடந்தா. தண்ணி ஊத்துனவ நான்தானே? ஐயா ரெண்டு நாளு நல்லாத் தூங்குங்க. தூக்கமில்லாட்டி செத்தவங்க எல்லாரும் எந்திரிச்சு நடப்பாங்க.”

அவர் தூங்கப் பார்த்தார். தூங்க முடியவில்லை.

மழை விட்ட நேரங்களில் ரப்பர் காய்கள் வெயில் பட்டு வெடித்தன. டக். கூரைத் தகரத்தில் விதை விழுந்து உருண்டது. டக். மரங்களில் கட்டியிருந்த சிரட்டைகளில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. புளித்த பாலின் நாற்றமும் புகைக்கூடத்து வாசமும் பாதையெல்லாம் அவருக்குப் பின்னாலேயே வந்தன. எதைக் கேட்டாலும் அவர் எண்ணத் தொடங்கினார். சொட்டுகளை எண்ணினார். காய் வெடிப்பதை எண்ணினார். நிமிஷத்துக்கு எத்தனை என்று கடிகாரத்தைப் பார்த்தார். யாருடைய மணிக்கட்டையும் தொட முடியவில்லை. சளிக்கு வந்தவனுக்கும் கணுக்காலைப் பிடித்துப் பார்த்தார். டாக்டர் ஐயா எல்லார் காலிலும் விழுகிறார் என்று லயத்தில் சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பது அவர் காதில் விழவில்லை. வேறொன்று விழுந்துகொண்டிருந்தது. மிகவும் கீழே. சீராக.

ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்கு, டிஸ்பென்சரியைப் பூட்டாமலே எழுந்து நடந்தார்.

புதைகாடு பழைய மலையின் அடிவாரத்தில், பால் வற்றிய மரங்களுக்கு நடுவில் இருந்தது. மூன்று மணிக்கே அங்கே அந்தி. மழை நின்றிருந்தது. இலை அசையவில்லை. அட்டைகள் காலில் ஏறியதை அவர் பார்க்கவில்லை. மருதாயியின் மேட்டில் குரோட்டன் செடி ஒன்று, அவர் இடுப்புயரம் வளர்ந்து நின்றது. பக்கத்து மேடுகளில் புல் நனைந்து பளபளத்தது. இந்த மேட்டில் மட்டும் மண் காய்ந்திருந்தது.

உள்ளங்கையை வைத்தார்.

சூடு.

அதே சூடு.

புதுக் குழாய் போட்ட ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டி, வட்டத்தை மண்ணில் அழுத்தினார்.

எவ்வளவு நேரம் அப்படியே மண்டியிட்டிருந்தார் என்று தெரியாது. தோளில் ஒரு கை பட்டது. தங்கம்மா. டிஸ்பென்சரி திறந்து கிடப்பதைப் பார்த்துத் தேடிக்கொண்டு வந்திருக்கிறாள். அவர் முகத்தைப் பார்த்தவுடன் திட்ட வந்ததை நிறுத்திக்கொண்டாள். அவர் காதிலிருந்ததைக் கழற்றினாள்.

“அது உங்க ரத்தம் காதுல அடிக்கிறதுங்க. குனிஞ்சு கெடந்தா யாருக்கும் கேக்கும்.”

“நான் என் நாடியையும் பிடிச்சுப் பாத்தேன், தங்கம்மா” என்றார் அவர். “எனக்கு நூத்திப்பத்து. இது எழுபது.”

“மண்ணுக்கு ஏதுங்க நாடி? பத்து மாசமாச்சு.” சேலையைச் செருகிக்கொண்டு அவள் மண்டியிட்டாள். இடுப்பிலிருந்து மரக்குழலை எடுத்தாள். “இந்தாங்க, நானே கேட்டுச் சொல்றேன். அப்புறம் நீங்க பேசாம வந்து தூங்கணும்.”

குழலின் அகன்ற வாயை மண்ணில் வைத்தாள். காதைப் பொருத்தினாள். கண்ணை மூடினாள்.

எங்கோ ஒரு காய் வெடித்தது. பிறகு அதுவும் இல்லை.

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார். மண்ணில் ஊன்றியிருந்த கை. ஆட்காட்டி விரல் மெல்ல உயர்ந்தது. முப்பது வருஷப் பழக்கம். அவளுக்கே தெரியாமல்.

தாழ்ந்தது.

உயர்ந்தது.

தாழ்ந்தது.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. குழலிலிருந்து காதை எடுக்கவும் இல்லை. பக்கத்தில் யாரோ தூங்குகிறார்கள் என்பதைப்போல மெதுவாகச் சொன்னாள்.

“அடிக்குதுங்க.”

விரல் நிற்கவில்லை.

“நான் பொய் சொன்னேங்க ஐயா. சீட்டு வந்திருச்சே, டாக்டர் ஐயாவே பாத்துட்டாரேன்னு பேசாம இருந்துட்டேன். அன்னைக்கு நான் தண்ணி ஊத்தயில, அவ சூடாத்தாங்க இருந்தா.”