திசுநோக்கிக்கு உறுத்தியது

செவ்வாய்க் கிரகக் குடியிருப்பில் வெள்ளிக்கிழமை காலையில் காப்பிக்கு முன்னால் எல்லோரும் ஆளுக்கொரு நண்டை விழுங்குவார்கள். மிளகளவு இயந்திர நண்டு. அது இரைப்பையிலும் குடலிலும் நடந்து, சந்தேகப்பட்ட இடத்தில் ஒரு கிள்ளு கிள்ளி எடுத்துக்கொள்ளும். எந்த வழியாக வெளியே வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதைப் பிடிக்க வீட்டுக்கு வீடு சல்லடை உண்டு. சல்லடையைக் கழுவுவது யார் முறை என்பதில்தான் அங்கே பாதிக் குடும்பச் சண்டைகள்.

கிள்ளிய துணுக்குகள் திசுநோக்கி என்ற இயந்திரத்துக்குப் போகும். அது துணுக்கை மெழுகில் பதித்து, மயிரிழையைவிட மெல்லிதாகச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டில் ஏந்திச் சாயமேற்றிப் படித்துவிடும். ஆனால் ரிப்போர்ட்டின் அடியில் ஒரு மனிதக் கையெழுத்து இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த மனிதர் டாக்டர் பிரமிளா. அவள் படிக்காமலே கையெழுத்துப் போடுவாள். திசுநோக்கி தப்பே செய்ததில்லையே!

ஒருநாள் செய்தது. யாரோ ஒருவரின் புற்றுத் துணுக்கு வெந்நீரில் தங்கிப்போய், நீராலை ஊழியர் அருளப்பனின் துணுக்குகள் இருந்த கண்ணாடித் தகட்டில் ஒட்டிக்கொண்டது. புற்றுநோய் என்று திசுநோக்கி எழுதியது, பிரமிளா கையெழுத்திட்டாள், அருளப்பனின் இரைப்பையை எடுத்துவிட்டார்கள். எடுத்த இரைப்பையில் ஒரு குறையும் இல்லை.

அவர் மனைவி லில்லிபுஷ்பம் ஆய்வகத்துக்கு வந்தாள். கத்தவில்லை.

"ஒரு இட்லிக்கு மேல அவருக்கு எறங்க மாட்டேங்குது டாக்டர். இவ்வளவு பண்ணிட்டு அந்த மிஷினுக்குக் கொஞ்சமாச்சும் உறுத்துதா?"

உறுத்தவில்லை. அது அடுத்த ஆளின் குடலைப் படித்துக்கொண்டிருந்தது. உறுத்தியதெல்லாம் பிரமிளாவுக்குத்தான். கண்ணாடியை ஒரு நிமிடம் பார்த்திருந்தால் போதும், அந்தத் துணுக்கு மற்றவற்றோடு சேராமல் தனியே மேலாக ஒட்டியிருப்பது தெரிந்திருக்கும். பாவி, அதைக்கூடப் பார்க்கவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். அவள் காதோரம் பதித்திருந்த உணர்வுச்சில்லில் அந்த உறுத்தல் முழுதும் பதிவாகியிருந்தது. அதை அப்படியே திசுநோக்கிக்குள் நகலெடுத்துப் போட்டாள். இனித் தப்பே நடக்காது என்று நிர்வாகக் குழு கைதட்டியது.

திசுநோக்கி அன்றே மாறிவிட்டது. ஆளுக்கு ஆள் வெந்நீரை மாற்றியது. ஒரே கண்ணாடியைத் திரும்பத் திரும்பப் பார்த்தது. பிரமிளாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

சில வாரங்களில் லில்லிபுஷ்பத்தின் துணுக்கே வந்தது. வெகுநாளாக வயிற்றுவலியாம். கவலையால் வந்த வலி என்று, நண்டைக்கூட விழுங்காமல் விட்டிருந்தாளாம்.

"இருக்குன்னா இருக்குன்னு சொல்லிடுங்க டாக்டர், இல்லன்னா இல்லன்னு. அவருக்குக் கஞ்சி ஊத்த நான் ஒருத்திதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்தாள்.

ரிப்போர்ட் வர மதியமாகிவிட்டது.

'செல்கள் சற்று மாறுபட்டுள்ளன. புற்றாக இருக்கலாம். அழற்சியாகவும் இருக்கலாம். துணுக்கு சிறியது, மறுபடி எடுத்து அனுப்பலாம். நோயாளியின் நிலையோடு ஒப்பிட்டு மருத்துவர் முடிவு செய்யவும்.'

இந்தத் தடவை பிரமிளா தானே கண்ணாடியைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் புற்று தெரிந்தது.

"இவ்வளவு தெளிவா இருக்கே, ஏன் எழுதல?"

"இருக்குதான் டாக்டர். இருக்குன்னு எழுதி, அப்புறம் இல்லாமப் போயிட்டா? போன தடவை எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றது திசுநோக்கி.

தெரியும். எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் புற்றுநோய் என்று ஒரே வார்த்தை எழுதக் கையை நீட்டினாள். அருளப்பனின் குறையில்லாத இரைப்பை கண்முன் வந்தது. கை திரும்பிவிட்டது. ரிப்போர்ட்டை மறுபடி படித்தாள். அதில் ஒரு தவறும் இல்லை. நாளைக்கு என்ன ஆனாலும் யாரும் குறை சொல்ல முடியாது. தானே எழுதியிருந்தால்கூட இப்படித்தான் எழுதியிருப்பாள். கையெழுத்திட்டு, வெளியே கொண்டுபோய் லில்லிபுஷ்பத்திடம் கொடுத்தாள்.

"இருக்கா, இல்லையா டாக்டர்?"

"எல்லாம் ரிப்போர்ட்ல எழுதியிருக்கும்மா. உங்க டாக்டர்கிட்ட காட்டுங்க, அவர் சொல்லுவார்."

"அவர் உங்களக் கேக்கச் சொன்னாரே."

"காட்டுங்கம்மா, சொல்லுவார்."

லில்லிபுஷ்பம் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி போனாள். பிரமிளா டிபன் பாக்ஸைத் திறந்தாள். அருளப்பனின் இரைப்பையை எடுத்த நாளுக்குப் பிறகு அன்றுதான் அவளால் வயிறாரச் சாப்பிட முடிந்தது.