மூன்றாம் அறைக்குச் சொன்னது

வியாழக்கிழமை மத்தியானம் மூன்றாம் அறைக் கிழவர் கையைத் தூக்கவில்லை.

மற்ற நாள்களில் தூக்குவார். மருத்துவமனையின் பின்கோடியில், மற்றக் கட்டடங்களை விட்டு ஒதுங்கி நிற்கும் அந்தத் தனிமைப்படுத்தல் வாட்டில் ஒரு நீண்ட விறாந்தையும் ஐந்து அறைகளும் இருந்தன. ஒவ்வொரு கதவிலும் முழ அகலத்துக்கு ஒரு கண்ணாடி. தக்சாயினியின் கணவன் அருட்செல்வன் நான்காம் அறையில். அவனைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது மூன்றாம் அறையைத் தாண்டித்தான் வாசலுக்கு வரவேண்டும். அங்கே கட்டிலில் சாய்ந்திருக்கும் நடராசா ஐயாவை அவளுக்கு முன்பின் தெரியாது. ஆனால் ஒரு மாதமாக ஒரு காக்கைகூட எட்டிப்பார்க்காத மனிதரைக் கண்டும் காணாததுபோல் போக அவளுக்கு மனம் வரவில்லை. கண்ணாடி ஓரம் நின்று, "போட்டு வாறன் ஐயா" என்று விடைபெறுவாள். அவர் வலது கையைத் தூக்குவார். அந்தக் கையில் சுட்டுவிரல் இல்லை. கடலில் வலைக்கயிறு கொண்டுபோனதாம். மிச்சம் நாலு விரலையும் மெல்ல ஆட்டுவார்.

அன்றைக்கு ஆட்டவில்லை. கண் திறந்திருந்தது. வாய் சற்றே திறந்திருந்தது. மருந்து மயக்கமாக்கும் என்று நினைத்து, அவருக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரத்தே, "போட்டு வாறன் ஐயா, என்ன?" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அவளுக்கு அவள் பாடு. அருட்செல்வனுக்கு நெஞ்சில் தொற்று. மருதனார்மடத்துக்கு அங்கால் செம்மண் தோட்டத்தில் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டு நின்ற மனிதன், இருமி இருமிப் பாதியாய்ப் போனான். மூன்று சளிப் பரிசோதனை சுத்தமாக வந்தால்தான் வீட்டுக்கு விடுவார்கள். இரண்டு வந்துவிட்டன. மூன்றாவதன் முடிவு ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் ஐந்து வயது வினோஜா, அப்பா வரும் நாளைக் கலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தாள்.

வாட்டின் சட்டதிட்டங்களைத் தக்சாயினி தேவாரம்போலப் பாடமாக்கியிருந்தாள். ஒரு நோயாளிக்கு ஒரு பார்வையாளர். வாசலில் பதிவேட்டில் பெயரும் அறை இலக்கமும் எழுதிக் கையெழுத்து. கை கழுவல், அங்கி, தொப்பி, முகமூடி, கையுறை. கட்டிலில் இருக்கக்கூடாது. உள்ளே போன பொருள் வெளியே வரக்கூடாது. அரை மணித்தியாலம். கதவைத் திறந்தபடி விடக்கூடாது. எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்தாள். அவள் விட்ட பிழை எந்தச் சட்டத்திலும் இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்றாம் அறைக் கதவு திறந்து கிடந்தது. மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டுத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். குளோரின் வாசம் மூக்கை அரித்தது.

"ஐயாவுக்குத் துண்டு வெட்டி வீட்டை விட்டாச்சோ மிஸ்ஸி?" என்று தாதி ஜெனிற்றாவைக் கேட்டாள்.

"எங்கை அக்கா. நேற்றுக் காலமை பத்தரைக்கே முடிஞ்சுது. பிரேதத்தைச் சுத்திக் கட்டிறதுக்கு ஆக்கள் வர ரெண்டு மணியாப் போச்சு. அதுமட்டும் ஒருத்தரும் தொடக்கூடாது எண்டபடியால் அப்பிடியே சாய்ஞ்சபடி கிடந்தவர்."

தக்சாயினி வியாழக்கிழமை அவ்விடத்தைத் தாண்டியது பன்னிரண்டரைக்கு.

செத்த வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு எழும்புவதில்லை. துக்கத்துக்குப் போனோமா, இருந்தோமா, வாய் திறக்காமல் வந்தோமா என்று இருக்கவேண்டும். 'வாறன்' என்ற சொல்லைப் பிணத்துக்கு முன்னால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லாது. இவள் சொல்லியிருக்கிறாள். பிணத்தின் கண்ணைப் பார்த்து. இரண்டாம் தரமும் கேட்கும்படி.

நான்காம் அறையில் அருட்செல்வன் நித்திரை கெட்ட முகத்தோடு இருந்தான். முகமூடிக்கு மேலே தெரிந்த கண்கள் உள்ளே போயிருந்தன.

"பக்கத்திலை புது ஆள் வந்திட்டுதோ?" என்று கேட்டான்.

"இல்லை. இப்பதான் கழுவினம்."

"காலமை முழுக்கச் சுவரிலை தட்டிச்சுது. நாலு தட்டு. பேந்து கொஞ்சம் பேசாமல் இருக்கும். பேந்தும் நாலு. ஆரெண்டு கேட்டன்."

"என்ன சொன்னது?"

"'பிள்ளை வந்திட்டுதோ' எண்டு கேட்டுது." அவன் சிரிக்கப் பார்த்தான், இருமல் வந்தது. "மருந்தின்ரை வேலையாக்கும். நீர் பயப்பிடாதையும்."

நடராசா ஐயா தன்னோடு ஒரு சொல்கூடக் கதைத்ததில்லை, அந்தப் 'பிள்ளை' தானாக இருக்காது என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். வெளியே வரும்போது மூன்றாம் அறைப் பக்கம் திரும்பவில்லை. கீழே, ஈரம் காயாத சீமெந்தை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

சனிக்கிழமை வாசலில் காவலாளி பிலிப்பு பதிவேட்டைத் தள்ளினார்.

"மூண்டுக்குத்தானே பிள்ளை?"

"மூண்டு இல்லை அண்ணை. நாலு. நான் ஒவ்வொரு நாளும் நாலுக்குத்தானே வாறனான்."

"நேற்று மூண்டெண்டு எழுதியிருக்கிறாய்."

பார்த்தாள். எழுதியிருந்தது. சாய்ந்த எழுத்து, முதல் எழுத்தின் சுழி, கீழே கோடு. அவளுடைய கையேதான். அதற்கு மேல் வரி, வியாழக்கிழமை. அங்கேயும் மூன்று. பேனையை வாங்கி, தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி, நாலு என்று எழுதினாள். எழுதி முடித்தும் இரண்டு தரம் வாசித்துப் பார்த்தாள்.

விறாந்தையில் வெயில் வெள்ளையாக விழுந்திருந்தது. வைகாசி வெக்கை. எங்கேயோ ஒரு மின்விசிறி கடகடத்தது. பூட்டிக் கிடந்த மூன்றாம் அறைக் கண்ணாடியின் உட்பக்கத்தில், நிற்கும் ஆளின் வாய் உயரத்தில், மூச்சுப் பட்டதுபோல் ஒரு வட்டம் புகார் பிடித்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கவே அது சுருங்கியது. மறுபடி விரிந்தது. சுருங்கியது.

நான்காம் அறைக்குள் ஓடினாள் என்றே சொல்லவேண்டும். கதவைச் சாத்தி அதில் முதுகை வைத்து நின்றாள். அருட்செல்வன் வினோஜாவைப் பற்றிக் கேட்டான். தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டதோ என்று கேட்டான். அவள் வாய் ஏதோ பதில் சொன்னது, காது சுவரில் இருந்தது.

தட்டியது. மெல்ல, விரல் நுனியால், ஒன்றன்பின் ஒன்றாக.

நாலு.

நேரம் முடிந்ததென்று ஜெனிற்றா கண்ணாடியில் தட்டியபோது தக்சாயினி கதவை விட்டு விலகினாள். 'போட்டு வாறன்' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சுவருக்கு அங்கால் அதைக் கேட்டு வைத்திருக்க ஒன்று காத்திருக்கிறது என்ற நினைப்பு வந்தது. பற்களை இறுக்கிக்கொண்டாள். தலையைக்கூட ஆட்டவில்லை.

"என்னப்பா, ஏன் கதைக்கிறீரில்லை?"

அவள் கதவைத் திறந்தாள்.

"சொல்லிப்போட்டுப் போமன். செத்த வீட்டிலையிருந்து எழும்பிப் போற மாதிரிப் போறீர்."

அந்தச் சொல் முதுகில் வந்து விழுந்தும் அவள் திரும்பவில்லை. வீடு போய்ச் சேரும்வரை அழுதாள். உயிரோடு இருக்கிறவனுக்குச் சொல்லவேண்டியதைச் செத்தவருக்குச் சொல்லி, செத்தவருக்குச் செய்யவேண்டியதைப் புருஷனுக்குச் செய்துவிட்டு வந்திருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. நாளைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிச் சரிக்கட்டலாம் என்று நினைத்தாள். இன்னும் ஒரே ஒரு நாள்தானே.

ஞாயிறு காலை தொலைபேசி வந்தது. மூன்றாவதும் சுத்தம். பின்னேரம் நாலு மணிக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு போகலாம்.

பயமெல்லாம் எந்தப் பக்கம் போனதென்று தெரியவில்லை. வினோஜா வட்டம் போட்ட நாளின்மேல் பூவும் கீறினாள். தக்சாயினி ஓட்டோவோடு வந்து வாட்டு வாசலில் நின்றாள். துண்டு வெட்டினபிறகு பார்வையாளர் உள்ளே வரத்தேவையில்லை, ஆளை வெளியே கொண்டுவருவோம் என்று பிலிப்பு சொன்னார். பதிவேட்டை நீட்டினார். அவசரத்தில் கையெழுத்தை இழுத்துவிட்டாள். மேலே எந்த அறை இலக்கம் எழுதியிருந்தது என்று வாசிக்கும் நிலையில் அவள் இல்லை.

சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். தொப்பி, முகமூடி, கழுத்துவரை சுற்றிய வெள்ளைத் துவாய். வீட்டிலும் இரண்டு கிழமைக்கு முகமூடி கழற்றக்கூடாதாம். ஒரு மாதமாக அவள் அவனுடைய கண்களை மட்டும்தானே பார்த்தாள்! அவையும் இன்றைக்கு மூடியிருந்தன. தோள் எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. "இன்னும் மெலிஞ்சு போனியள்" என்று சொல்லித் தோளைத் தாங்கி ஓட்டோவில் ஏற்றினாள். பாரமே இல்லை.

ஓட்டோ கட்டடத்தைச் சுற்றித் திரும்பியது. பின்புறம் நான்காம் அறையின் யன்னல் தெரிந்தது. உள்ளே யாரோ கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து விரலும் விரிந்த கை. இவ்வளவு கெதியில் அடுத்த ஆளைப் போட்டுவிட்டார்களோ, பாவம், பயந்துபோனார்போல, என்று நினைத்தாள்.

"வினோஜா வாசல் படலையிலை நிற்பாள்" என்றாள்.

கண்கள் மூடியபடியே இருந்தன. களைப்பாக்கும்.

மருதனார்மடச் சந்தியில் நெரிசல். சந்தைப் பக்கமிருந்து வெங்காய மணம் வந்தது. அதையும் மீறி ஓட்டோவுக்குள் வேறொரு மணம். உப்பு. நனைந்த வலை. கருவாடு. இங்கே கடல் இல்லை. கிட்டடியில் எங்கேயும் இல்லை. அவள் கணவன் கடலில் கால் நனைத்த மனிதனுமில்லை.

"இஞ்சாருங்கோ."

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சாருங்கோ, ஒருக்கா என்னைப் பாருங்கோ."

துவாய்க்குள் ஏதோ அசைந்தது. அவளுடைய தொடையில், துணிக்கு மேலால், தட்டியது.

ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

நிற்பாட்டச் சொல்ல முன்னால் குனிந்தாள். ஒழுங்கை திரும்பியது. மதில். வாழை. படலை. வினோஜா.

"அப்பா!"

ஓட்டோ நிற்கமுன்னம் பிள்ளை ஓடி வந்து அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. தக்சாயினி நடுவில் விழப்பார்த்தாள். உடம்பு கேட்கவில்லை. பக்கத்தில் முகமூடி மெல்ல அவள் பக்கம் திரும்பியது. கண் திறந்திருந்தது. வியாழக்கிழமை திறந்திருந்த அதே மாதிரி.

"சொன்னபடி வந்து கூட்டிக்கொண்டு வந்திட்டாய், பிள்ளை."

வெள்ளைத் துவாய் விலகியது. ஈரமான ஒரு வலது கை வெளியே வந்து, வினோஜாவின் வகிட்டின்மேல் ஆசையாகப் படிந்தது. தலைமயிருக்குள் நாலு விரல்கள் மெல்ல ஆடின.