திருப்பிச் சொல்லுங்கள்

போனில் இருந்த ஜப்பானியக் குரல் "கசா" என்றது. அப்படியென்றால் குடை. ஒவ்வொரு வார்த்தைக்குப் பிறகும், கேட்பவர் திருப்பிச் சொல்வதற்காகக் கொஞ்சம் இடைவெளி விட்டுக் காத்திருக்கும்; அந்தப் பாடத்தின் முறையே அதுதான். அனுசுயா வாயைத் திறப்பதற்குள் அந்த இடைவெளியில் வேறு யாரோ சொன்னார்கள்.

"கு...டை."

தமிழில்! அதுவும் நாக்கை எங்கே வைப்பது என்று பிடிபடாமல், புதிதாகப் பாஷை படிக்கிற ஆள் பயந்து பயந்து சொல்வது மாதிரி.

காதிலிருந்து இயர்போனைப் பிடுங்கினாள். பொழுது சாய்ந்து, இன்னும் விளக்குப் போடாத நேரம். பின் தெருவில் நிட்டிங் மிஷின்கள் ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தன, அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது, முன்னறையில் மகள் தேஜஸ்ரீ தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு மாட்டுக்குப் பச்சை வண்ணம் அடித்துக்கொண்டிருந்தாள். பாடத்தைப் பின்னுக்குத் தள்ளி மறுபடி கேட்டாள். கசா. இடைவெளி. ஒன்றுமில்லை. காசு கொடுக்காமல் படித்தால் இப்படித்தான், நடுவில் விளம்பரம் எதையாவது சொருகித் தொலைப்பார்கள் என்று திட்டிக்கொண்டே பருப்பைக் கடையப் போனாள்.

முதலிபாளையத்தில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் அவள் மெர்ச்சண்டைசர். ஆர்டர் தருகிற வெளிநாட்டுக்காரர்கள் கேட்கிற சாம்பிளைத் தைக்க வைத்து அனுப்புவதும், அவர்கள் கண்டுபிடிக்கிற குறைகளுக்கெல்லாம் இங்கிருந்தே மன்னிப்புக் கேட்பதும்தான் வேலை. முதலாளி சிவபிரகாஷ் ஒருநாள் அவளைக் கூப்பிட்டு, "ஒசாகா ஆபீசுல நம்ம ஆளு ஒருத்தர உக்கார வெக்கச் சொல்றாங்க. பாஷை மட்டும் வந்துருச்சுன்னா நீங்கதானுங்க. பாப்பாவையும் கூட்டிட்டுப் போயிருங்க" என்றார். அன்று வீட்டுக்கு எப்படி வண்டி ஓட்டி வந்தாள் என்றே அவளுக்கு நினைவில்லை. வகுப்புக்குப் போக நேரமேது? தானே படிக்க ஆரம்பித்தாள். காய் நறுக்கும்போது, துணி மடிக்கும்போது, தலை வாரும்போது. வீட்டோடு சண்டை போட்டு டிகிரி வாங்கியவள் அவள். இதையும் விட்டுவிட்டால் ஒரு வாழ்நாள் முழுக்க மன்னிப்புக் கேட்டே தீர்ந்துபோகும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

கணவன் மகுடேஸ்வரனுக்கு அது பிடிக்கவில்லை. அவன் வேறொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஆர்டர் குறைந்துபோனதால் மதியத்துக்கு மேல் வீட்டில்தான் இருப்பான். "போறதுன்னா நீ போ. பாப்பா இங்கதான் இருப்பா" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். சோறு போட்டால் தின்றான். கேட்டால் மட்டும் பேசினான்.

மறுநாள் கம்பெனியில் மழை. கேட்டில் நின்றுகொண்டு வாட்ச்மேனிடம் கேட்கப் போனவளுக்கு வார்த்தை வரவில்லை. கண்ணுக்கு எதிரே சுவரில் சாய்த்து வைத்திருக்கிறது, கறுப்பாக, வளைந்த கைப்பிடியோடு. "அந்த... மழைக்குப் புடிக்கறது இருக்குதுல்லங்க, அதக் குடுங்க" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே கொடுத்தார். அவளும் சிரித்தாள். கசா, கசா என்று நாக்கு மட்டும் வாய்க்குள் புரண்டுகொண்டிருந்தது.

அடுத்த பாடம், ஒரு வீட்டுக்கு விருந்தாளி வருவது. வாசலில் நிற்பவர் "கொமென் குதசாய்" என்று குரல் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் "தோஸோ, ஒஅகாரி குதசாய்", அதாவது வாங்க, மேலே ஏறி வாங்க, என்று சொல்ல வேண்டும். இரண்டு பேருடைய பேச்சையும் அவளே மாற்றி மாற்றிச் சொல்லிப் பழகினாள். மகுடேஸ்வரன் குழந்தையோடு கடைக்குப் போயிருந்தான். கரண்டு போய்விட்டிருந்தது, பின் தெரு மிஷின்களும் நின்றுபோய், ஊரே காதில் பஞ்சை அடைத்த மாதிரி இருந்தது. இயர்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"கொமென் குதசாய்" என்றது ஒரு குரல். வாசலில்.

யோசித்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பாள். ஆனால் அந்த ஊர்ப் பக்கத்து மனிதர்களுக்கு அந்த யோசனை வராதே! வாசலில் ஒரு குரல் கேட்டால், வந்தது யார், எவர் என்று பார்ப்பதற்கு முன்பே 'வாங்க' என்று சொல்லிப் பழகிய வாய். பல் துலக்கிக்கொண்டிருந்தாலும் நுரையோடு சொல்லும். அன்று அதே மரியாதை, பாடம் பண்ணி வைத்திருந்த பாஷையில் வந்து விழுந்தது.

"தோஸோ. ஒஅகாரி குதசாய்."

சொன்ன பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். கதவு திறந்தே இருந்தது. வாசலில் யாருமில்லை. ஆனால் சாயப் பட்டறையிலிருந்து அப்போதுதான் எடுத்து வந்த ஈரத் துணி மூட்டையை யாரோ இழுத்துப் போகிற மாதிரி, ஒரு வாடை அவளைக் கடந்து, முன்னறையைக் கடந்து, சமையலறைப் பக்கம் போய் நின்றது.

அன்றைக்குப் பிறகு மகுடேஸ்வரன் மாறிப் போனான். அவள் வேலை முடிந்து வரும்போது டீ போட்டு வைத்திருந்தான். "நானும் ரோசன பண்ணிப் பாத்தேன் அனு. உன்ற ஆசைக்கு நான் குறுக்க நிக்கக் கூடாது. நீ படி, சோத்த நான் பாத்துக்கறேன்" என்றான். இயர்போனை எடுத்து அவனே அவள் காதில் மாட்டிவிட்டான். அனுசுயா அழுதே விட்டாள். எட்டு வருஷத்தில் அந்த மனுஷன் அவளுக்காக விட்டுக்கொடுத்த முதல் விஷயம் அது. ஐயோ, எவ்வளவு சந்தோஷப்பட்டாள்! அன்று ராத்திரி அவன் தட்டில் கூடுதலாக நெய் ஊற்றினாள்.

ஜப்பானிய மொழி மளமளவென்று ஏறியது. தமிழ் இறங்கியது. முதலில் சின்னச் சின்னப் பொருள்கள்: தலையணை, சாவி, வெங்காயம். பிறகு நிறங்கள். பிறகு உறவுகள். அவள் பாதியில் நின்று விழிக்கும்போதெல்லாம் மகுடேஸ்வரன் சிரித்துக்கொண்டே வார்த்தையை எடுத்துக் கொடுத்தான். பாடத்தின் இடைவெளிகளில் அந்தக் குரல் இப்போது தினமும் கேட்டது, தடுமாற்றம் போய்விட்டது. தலையணை. சாவி. வெங்காயம். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக அது அவளுடைய குரலாகிக்கொண்டிருந்தது.

"எனக்குப் பயமா இருக்குதுங்க. இது வேண்டாம், நிறுத்திக்கறேன்" என்று ஒரு சாயங்காலம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

அவன் முகம் ஒரு கணம் வெளுத்தது. "கிறுக்கா உனக்கு? தூக்கம் பத்தல, அவ்வளவுதான். இத்தன தூரம் வந்துட்டு விடுவியா? இன்னும் கொஞ்சம்தான இருக்குது" என்றான். எது இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. அவன் இயர்போனை நீட்டினான். வாங்கி மாட்டிக்கொண்டாள்.

அந்த வாரக் கடைசியில் தலைவலியென்று சீக்கிரமே வந்துவிட்டாள். எதிர்வீட்டுக் கருத்தம்மா, தேனிப் பக்கத்திலிருந்து வந்து செக்கிங் வேலை பார்க்கிறவள், வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவளின் கை அப்படியே நின்றது.

"ஏத்தா, நீ இப்பத்தேன கோலப்பொடி கேட்டு வாங்கிட்டு உள்ள போன? மறுபடி எங்குட்டிருந்து வார?"

அனுசுயா படியேறினாள். வீட்டுக்குள் மகுடேஸ்வரன் சிரிக்கிற சத்தம் கேட்டது. கல்யாணமான புதிதில் சிரித்த சிரிப்பு அது. அவனோடு சேர்ந்து ஒரு பெண் சிரித்தாள். "போங்க, உங்களுக்கு எப்பப் பாத்தாலும் இதே வேலைதான்" என்றாள். அனுசுயாவின் குரலில். அனுசுயா பேசி மறந்துபோன தமிழில்.

கதவைத் தள்ளினாள். அவன் மட்டும் இருந்தான். மேசையில் இரண்டு டம்ளர் டீ. இரண்டிலும் ஆவி. காற்றில் ஈரத் துணி வாடை.

"யார்கிட்டப் பேசிட்டு இருந்தீங்க?"

"டிவிதான்" என்றான். டிவி அணைந்து கிடந்தது. அவன் அவளைப் பார்க்கவில்லை, அவளுக்குப் பின்னால், சமையலறைக் கதவோரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரையோ சும்மா இருக்கச் சொல்வது போலக் கண்ணால் ஜாடை காட்டினான்.

அவள் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அவளுக்குத் தைரியம் இல்லை. ஜப்பான்காரர்களோடு பேசுகிற நாள் நெருங்கிவிட்டது, போய்விடலாம், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரேயடியாகப் போய்விடலாம் என்று மட்டும் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அந்த நாளும் வந்தது. கம்பெனி மீட்டிங் அறையில், பெரிய திரையில் மூன்று ஜப்பான்காரர்கள். அனுசுயா பேசினாள். துணியின் எடை, சாயம் போகாது என்ற உத்தரவாதம், அவர்கள் ஊர்க் குளிர், தன் மகளுக்கு அங்கே பள்ளிக்கூடம். தங்கு தடையில்லாமல் பேசினாள். அவர்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள், கடைசியில் எழுந்து நின்று தலை வணங்கினார்கள். சிவபிரகாஷுக்குத் தலைகால் புரியவில்லை.

"பின்னிட்டீங்க போங்க! எப்பக் கெளம்பறீங்க, சொல்லுங்க?"

அடுத்த மாதம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது ஜப்பான் வார்த்தை. அவர் சிரித்தார். "எங்கிட்டத் தமிழ்லயே சொல்லுங்க, போதும்" என்றார். மறுபடி முயன்றாள். அவர் பேசுவது ஒவ்வொன்றும் புரிகிறது. ஆனால் உள்ளே துழாவினால் ஒரு வார்த்தை இல்லை. 'ஆமாம்' இல்லை. 'இல்லை' இல்லை. மகளின் பெயர் இல்லை. தன் பெயரும் இல்லை. சிவபிரகாஷின் சிரிப்பு மெல்ல நின்றது.

மகுடேஸ்வரனுக்குப் போன் போட்டாள். எடுத்தான். அவள் அழுதாள், வாய்க்கு வந்த பாஷையில் கெஞ்சினாள். அவனுக்குப் பின்னாலிருந்து அவளுடைய சொந்தக் குரலே, "ஆருங்க போன்ல?" என்றது.

"கம்பெனிக்காரங்க" என்றான் மகுடேஸ்வரன். வைத்துவிட்டான்.

வண்டியை எப்படி ஓட்டினாள் என்று தெரியாது. வீட்டை அடைந்தபோது வானம் மங்கிக்கொண்டிருந்தது. கதவு சாத்தியிருந்தது. உள்பக்கத் தாழ்ப்பாள். தட்டினாள். இன்னும் தட்டினாள். "அகெத்தெ குதசாய்!" திறங்கள். திறங்கள். அதைத் தவிர வேறெதுவும் வரவில்லை.

ஜன்னல் திறந்தது. கம்பிகளுக்குப் பின்னால் மகுடேஸ்வரன். அவள் அவன் கையைப் பிடிக்கப் பார்த்தாள். பின்வாங்கிக்கொண்டான். தலையைக் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"இவ எங்கியும் போகமாட்டேங்கறா, அனு."

அவ்வளவுதான். தெரிந்தே செய்திருக்கிறான். டீ, இயர்போன், எடுத்துக் கொடுத்த வார்த்தைகள். எல்லாம். பாவி!

உள்ளே விளக்கு எரிந்தது. அங்கே ஒருத்தி தரையில் உட்கார்ந்திருந்தாள். அனுசுயாவின் நீல நைட்டி. அனுசுயாவின் முதுகு. தேஜஸ்ரீ அவள் மடியில், வாய் நிறையச் சோறு.

"ஆருப்பா அது?"

"ஆரோ தெரியல கண்ணு. வழி தவறி வந்துட்டாங்க" என்றான் மகுடேஸ்வரன், இப்போது சத்தமாக.

அனுசுயா கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். என்னவெல்லாமோ கத்தினாள். மகள் பயந்து அந்த மடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நீல நைட்டி எழுந்தது. ஈர வாடை. குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மெதுவாக ஜன்னலுக்கு வந்தது. முகம் மட்டும் இன்னும் முழுசாகப் படிந்திருக்கவில்லை. காயாத துணி மாதிரி அங்கங்கே தொங்கியது. குரல் மட்டும் சுத்தமாக இருந்தது.

"பாவம், ஆரு பெத்த புள்ளையோ. ஒரு சொம்பு தண்ணி குடுத்தனுப்புங்க."

கதவு ஒரு கையளவு திறந்தது. சொம்பு படியில் வந்து உட்கார்ந்தது. கதவு மூடியது. தாழ்ப்பாள்.

"பயப்படக் கூடாது சாமி. ஆன்ட்டிக்கு டாட்டா சொல்லு பாக்கலாம்" என்றது அதே குரல்.

தேஜஸ்ரீ தலையைத் தூக்கினாள். அனுசுயாவை உற்றுப் பார்த்தாள். பயம் தெளிந்து, அறியாதவர்களைப் பார்த்துச் சிரிக்கிற வெட்கச் சிரிப்பு ஒன்று சிரித்தாள். கம்பிக்கு வெளியே சின்னக் கையை நீட்டி ஆட்டினாள். அதன் பக்கத்திலேயே, சொட்டுச் சொட்டாக நீர் வடிய, இன்னொரு கையும் ஆடியது.