நாலு நிமிடம் ஊமையான மணி

பிற்பகல் 2.44. தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸின் மேசைமேல் மணி அலறியது. ஏழாம் படுக்கை. அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள். பின்னாலேயே டாக்டர் ஓடினார். வெகுநேரம் மார்பை அழுத்திப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார்.

படுக்கையருகே இருந்த கருவி வேறு கதை சொன்னது. நாடி விழுந்தது 2.40-க்கு. அந்த நொடியே மேசைக் கணினிக்குச் செய்தி போயிருக்கிறது. படுக்கையருகே மணி அடித்தால் மற்ற நோயாளிகள் மிரள்கிறார்கள் என்று அங்கே சத்தத்தை அடக்கி, எல்லா மணியையும் நர்ஸின் மேசைக்கே கொண்டுவந்திருந்தார்கள். அப்படியானால் நாலு நிமிடம் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்?

மறுநாள் காலைக்குள் ஆஸ்பத்திரியே விடை கண்டுபிடித்துவிட்டது. தூங்கிவிட்டாள். வராந்தாவில் வைத்து, இறந்தவரின் மனைவி அவளை ஓங்கி அறைந்தாள். தடுக்க ஒரு கை எழவில்லை. ‘அசந்துவிட்டேன்’ என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கியாயிற்று. போலீஸுக்கு மிச்சம் வைத்தது கைது ஒன்றைத்தான்.

கருவியின் பதிவைச் சரிபார்க்க அன்றே கணினிக் குற்றப் பிரிவிலிருந்து வந்த பெண் எஸ்.ஐ.க்கு இவ்வளவு சுலபமாக முடியும் வழக்குகளைக் கண்டாலே எரிச்சல். எல்லாரும் ஒரே பக்கம் கையைக் காட்டினால் எதிர்ப் பக்கம் திரும்பிப் பார்ப்பது அவள் குணம். மேலதிகாரிகளுக்கு அறவே பிடிக்காத குணம்.

“தூங்கினீங்களா சிஸ்டர்?”

“தெரியலை மேடம்.”

“தெரியலைன்னா?”

“ரெண்டாவது ஷிப்டு. மாத்திவிட ஆள் வரலை. முழிச்சிட்டுதான் இருந்தேன்னு நெனச்சேன். எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகமாயிடுச்சு.”

“திரையைக் கடைசியா எப்ப பார்த்தீங்க?”

“பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். ஏழாம் படுக்கையில நாடி எழுபத்தெட்டு. எழுபத்தெட்டாவே இருந்துச்சு.”

“மாறவே இல்லையா?”

நர்ஸ் யோசித்தாள். “இல்லை மேடம். கம்ப்யூட்டர் பெட்டி மட்டும் கறகறன்னு சத்தம் போட்டுக்கிட்டே இருந்துச்சு.”

“எழுதிக் கொடுக்கச் சொன்னது யாரு?”

“சிஸ்டம் சார். கையெழுத்துப் போட்டா அரெஸ்ட் ஆகாம பார்த்துக்கறேன்னார். வீட்டுல சின்னக் குழந்தை இருக்கு மேடம்.”

உயிரோடு இருக்கிற மனிதனின் நாடி ஒரே எண்ணில் நிலைகுத்தி நிற்காது. எஸ்.ஐ. அதை மனதில் முடிந்துகொண்டாள்.

ஆஸ்பத்திரியின் கணினிகளையெல்லாம் கட்டி மேய்ப்பவர்தான் சிஸ்டம் சார். சட்டையில் மடிப்புக் கலையாத மனிதர். கேட்பதற்கு முன்பே பதில் வந்தது.

“மெஷின் பக்கம் ஒரு குறையும் இல்லை மேடம். மனுஷத் தப்பு.”

“சம்பவத்துக்கு அப்புறம் அந்தப் பெட்டியை யாராவது தொட்டாங்களா?”

“ஒருத்தரும் தொடலை. அப்படியே இருக்கு.”

எஸ்.ஐ. மேசைக் கணினியின் முன் உட்கார்ந்து ஒரே ஒரு கட்டளை தட்டினாள். எப்போதிலிருந்து ஓடுகிறாய் என்ற கேள்வி அது. சம்பவத்தன்று 3.30-லிருந்து என்றது பெட்டி. அதாவது, பிணத்தை எடுப்பதற்குள் யாரோ அதை அணைத்து மறுபடி போட்டிருக்கிறார்கள்.

மேசைக்குப் பின்னால் குனிந்தாள். பெட்டியிலிருந்து பிடுங்கப்பட்ட கேபிள் ஒன்று அனாதையாகத் தொங்கியது. அதன் மறுமுனை சுவரேறிக் கூரைக்குள் போயிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். அது பார்வையாளர் கூடத்தில், சுவர் டி.வி.க்குப் பின்னால் இறங்கியது. டி.வி.யில் ஆஸ்பத்திரியின் விளம்பரப் படம். கீழே அதை ஓட்டும் கையகலப் பெட்டி ஒன்று, மேலே ஒட்டிய பிளாஸ்டிக் தாள்கூட உரிக்காமல், புத்தம் புதிதாக.

காகிதங்களுக்காகக் காத்துக்கொண்டு இறந்தவரின் மனைவி அங்கேதான் இருந்தாள். எஸ்.ஐ. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அன்னைக்கும் இங்கதான் இருந்தீங்களாம்மா?”

“வேற எங்க விட்டாங்க? இந்தப் படத்தைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். அன்னைக்குக் காலையிலதான் புதுசா போட்டாங்களாம். பெரிய டாக்டர் சிரிச்சுக்கிட்டே வராரே, அது.”

“நடுவுல எங்கயாவது நின்னுச்சா? திக்கித் திக்கி ஓடுச்சா?”

“ஒரு தடவைகூட இல்லைம்மா. வழுக்கிக்கிட்டு ஓடுச்சு.”

அன்று மாலையே எஸ்.ஐ. மேசைக் கணினியின் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போனாள். சோதனைக்கூடத்தில் இரண்டு நாள். மூன்றாம் நாள் காலை பெரிய டாக்டரின் அறையில் இறந்தவரின் மனைவி உட்பட எல்லாரும் கூடினார்கள். நர்ஸ் மட்டும் உட்காரவில்லை. யாரும் உட்காரச் சொல்லவுமில்லை.

“ஒரு கணினியில மெமரிங்கிறது வேலை செய்யற மேசை மாதிரி” என்று ஆரம்பித்தாள் எஸ்.ஐ. “மேசை நிறைஞ்சுட்டா, கொஞ்ச நேரமா யாரும் தொடாததை எடுத்து உள்அறையில போட்டுருவாங்க. அந்த உள்அறை டிஸ்க்குல இருக்கு. ஸ்வாப்னு பேரு. எதை எடுக்கணும்னு முடிவு பண்றது கர்னல், கணினியை உள்ளேயிருந்து நடத்தற புரோகிராம். மணி அடிக்கிற புரோகிராம் நாள் முழுக்க என்ன செய்யும்? பெரும்பாலும் சும்மா காத்துக்கிட்டிருக்கும். அதனால முதல்ல வெளியே போனது அதுதான். ஏழாம் படுக்கையிலிருந்து செய்தி வந்ததும் அதை உள்ளே கூப்பிட்டாங்க. உட்கார இடமில்லை. மெமரியைத் துண்டு துண்டாத்தான் நகர்த்தும், ஒரு துண்டுக்குப் பக்கம்னு பேரு; ஒரு பக்கத்தைக் கொண்டுவந்தா இன்னொரு பக்கத்தை வெளியே தள்ளணும். நாலு நிமிஷம் அந்தப் பெட்டி இதைத்தான் செஞ்சுக்கிட்டிருந்துச்சு. கறகறன்னு சத்தம் அதுதான். திரை எழுபத்தெட்டுல உறைஞ்சதும் அதனாலதான்.”

“இதெல்லாம் ஊகம்” என்றார் சிஸ்டம் சார்.

“பெட்டியை நீங்க 3.30-க்கு அணைச்சுப் போட்டீங்க சார். ஒருத்தரும் தொடலைன்னு எங்கிட்டச் சொன்னீங்க. அணைச்சா மெமரி துடைச்சுப் போயிடும், உண்மைதான். ஸ்வாப் போகாது. அது டிஸ்க்குல அப்படியே கிடந்துச்சு. ஏழாம் படுக்கையோட 2.40 செய்தி அதுக்குள்ளதான் இருந்துச்சு, மணி புரோகிராமோட பக்கம் ஒண்ணுல. செய்தி வந்து சேர்ந்த பக்கத்தையே மறுபடியும் தூக்கி வெளியே போட்டிருக்கு.”

சிஸ்டம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கர்னல் எடுத்த முடிவுக்கு மனுஷன் என்ன செய்வான் மேடம்?”

“கர்னலுக்கு வேண்டியவன் வேண்டாதவன் கிடையாது சார். அந்த உள்அறையில மணி இருந்துச்சு, வருகைப்பதிவு இருந்துச்சு, பிரிண்டர்கூட இருந்துச்சு. எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம். ஒண்ணே ஒண்ணுலதான் ஒரு பக்கம்கூட இல்லை. இந்த அம்மா டி.வி.யில பார்த்த படம். அதுவும் இதே பெட்டியிலிருந்துதான் ஓடியிருக்கு. முழுப் படத்தையும் மெமரியில ஏத்தியிருக்கு. அரை மணி முன்னாடி ஓடி முடிஞ்ச பாகமாவது வெளியே போயிருக்கணுமே? போகலை. ஏன்னா ‘இதைத் தொடாதே’ன்னு கர்னலுக்குக் கட்டளை போட்டு, மேசையோட சேர்த்து ஆணி அடிச்சிருக்கீங்க. அந்தக் கட்டளை போட உங்க ஒருத்தர்கிட்டதான் பாஸ்வேர்டு இருக்கு.”

அறையில் எல்லாரும் பெரிய டாக்டரைப் பார்த்தார்கள். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

“பழைய படம் ஒரு தடவை விருந்தாளிங்க முன்னாடி திக்கிடுச்சு” என்றார் சிஸ்டம் சார், அவரைப் பார்க்காமலே. “எல்லார் முன்னாடியும் என்னை வாங்கு வாங்குன்னு வாங்கினாரு. தனிப் பெட்டி கேட்டேன். எதுக்கு வெட்டிச் செலவுன்னாரு. இருக்கிற பெட்டியிலயே சேர்த்துவிட்டேன். இப்படி ஆகும்னு நெனைக்கலை.”

“நெனைக்காம செஞ்சது தப்பு. அது கோர்ட்டுக்கு. ஆனா 3.30-க்குப் பெட்டியை அணைக்கும்போது உங்களுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் மறுநாள் இந்தப் பொண்ணு முன்னாடி பேனாவை நீட்டினீங்க. அதுக்குப் பேரு தப்பு இல்லை சார். உங்களை அரெஸ்ட் பண்றேன்.”

பெரிய டாக்டர் தொண்டையைச் செருமினார். “சிஸ்டர், நீங்க நாளைக்கே டியூட்டிக்கு வந்துடலாம்.” ஏதோ தானம் கொடுப்பதுபோலச் சொன்னார்.

நர்ஸ் அதைக் காதில் வாங்கவே இல்லை. “அப்ப நான் தூங்கலை, இல்லையா மேடம்?”

“தூங்கலை.”

“மணி நேரத்துக்கு அடிச்சிருந்தா அவரு பொழைச்சிருப்பாரா?”

பொய் சொல்ல எஸ்.ஐ.க்கு ஒரு நொடி ஆசை வந்தது. அந்த அறையில் அதுவரை சொல்லப்பட்ட பொய்களே போதும் என்று தோன்றியது. “பொழைக்க நல்ல வாய்ப்பு இருந்துச்சுன்னு அன்னைக்கு உங்களோட ஓடிவந்த டாக்டர் சொல்றார்.”

நர்ஸ் அப்போதுதான் அழுதாள். இறந்தவரின் மனைவி எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றாள். தொடத் துணிவு வரவில்லை.

“இவ தூங்கிட்டான்னு சொன்னப்ப அடிச்சேன்” என்றாள், பெரிய டாக்டரைப் பார்த்து. “அப்புறம் வீட்டுக்குப் போய் யோசிச்சேன். பாவம், ரெண்டு ஷிப்டு பார்த்த பொண்ணு, மனுஷிதானே, அசந்திருப்பா. அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் இந்த ரெண்டு ராத்திரியும் கண்ணை மூடினேன். இனிமே நான் என்னன்னு சொல்லிக்கிட்டு தூங்கறது?”